தெர்மல்: நடக்க எது, தூங்க எது?

உத்தராகண்டின் பனிமலைப் பாதைகளான கேதார்காந்தாவுக்கோ பிரம்மதாலுக்கோ முதல் தடவை கிளம்புகிறவர்கள், வாங்க வேண்டிய சாமான்களில் தெர்மலுக்குத்தான், அதாவது குளிருக்கு உடம்போடு ஒட்டிப் போடும் உள்ளடுக்குக்குத்தான், அதிகம் குழம்புகிறார்கள். மெரினோ கம்பளியா, பாலியெஸ்டரா, கடைத்தெருவில் தொங்கும் உள்பக்கம் பொசுபொசுவென்ற இன்னரா? ஒன்று போதுமா, இரண்டு வேண்டுமா? கடைக்காரரிடம் கேட்டால் எதை எடுத்தாலும் "மைனஸ் பத்து வரைக்கும் தாங்கும் சார்" என்பார். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடப்பதற்கு ஒரு மெல்லிய பாலியெஸ்டர் சட்டை. தூங்குவதற்கு, நடக்கும்போது பையை விட்டு வெளியே எடுக்கவே எடுக்காத ஒரு தெர்மல் ஜோடி. இப்படி இரண்டாகப் பிரித்துவிட்டால் எந்தத் துணி என்ற கேள்வி பாதிக்கு மேல் தீர்ந்துவிடும். மிச்சப் பாதி பணத்தையும் போகும் இடத்தையும் பொறுத்தது.

கேதார்காந்தாவையே எடுத்துக்கொள்வோம். உத்தரகாசி மாவட்டத்தில் சாங்க்ரி கிராமத்திலிருந்து ஏற ஆரம்பிக்கிறோம். அது சுமார் 6,400 அடி. உச்சி 12,500 அடி. ஜனவரி இரவில் கூடாரத்துக்கு வெளியே பூஜ்யத்துக்குக் கீழே ஐந்து, பத்து டிகிரி என்று இறங்கும். அதே நாள் பகலில், வெயிலடிக்கும் ஏற்றத்தில், முதுகில் பையோடு போகும்போது நெற்றியில் வியர்வை வழியும். சமவெளியிலிருந்து போகிற நமக்கு இந்த இரண்டாவது விஷயத்தில் நம்பிக்கையே வருவதில்லை. பனி கண்ணில் பட்டதும் தெர்மல், அதன் மேல் ஸ்வெட்டர், அதன் மேல் ஜாக்கெட் என்று மாட்டிக்கொண்டு கிளம்பி, முதல் ஒரு மணி நேரத்திலேயே உள்ளே தொப்பலாகிவிடுகிறோம். குளிர் காலத்தில் மலையில் நடுங்குகிறவர்களில் பலர், உடை குறைவாக இருந்ததால் நடுங்குவதில்லை. போட்டிருந்த உடை நனைந்துபோனதால் நடுங்குகிறார்கள்.

வெள்ளியங்கிரி ஏறியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ராத்திரி ஏறும்போது ஆறு மலையும் வேர்த்துக்கொட்டும்; ஏழாவதில் நின்று காற்று வாங்கிய ஐந்தாவது நிமிடம் பல் கிட்டும். அங்கே குளிர் அப்படியொன்றும் பெரிதில்லை, முதுகில் ஒட்டிய பனியன்தான் வேலையைக் காட்டுகிறது.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. சும்மா உட்கார்ந்திருக்கும் உடம்பு ஏறத்தாழ 100 வாட் வெப்பம் தருகிறது. பையோடு மேடேறினால் அதுவே ஐந்தாறு மடங்காகும். உட்கார்ந்ததும் அடுப்பு தணிந்துவிடும், ஆனால் சட்டையிலிருக்கும் ஈரம் அப்படியே இருக்கும். 100 கிராம் தண்ணீரை ஆவியாக்கச் சுமார் 240 கிலோ ஜூல் வேண்டும். அதாவது உட்கார்ந்திருக்கிற உடம்பு 40 நிமிடத்தில் உண்டாக்கும் வெப்பம் முழுவதையும் அந்தச் சட்டையே தின்றுவிடும். 100 கிராம் என்பது பெரிய ஈரமும் இல்லை. ஒரு பருத்தி டி-சர்ட் அதைவிட நிறையக் குடிக்கும்.

நடக்கும்போது: பாலியெஸ்டர்

இழை ஒவ்வொன்றும் காற்றிலிருந்து எவ்வளவு ஈரத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது என்பதற்கு ஜவுளித் துறையில் அளவு வைத்திருக்கிறார்கள். சாதாரண அறைச் சூழலில் கம்பளி தன் எடையில் 16 சதவீதம் போல வைத்திருக்கும், பருத்தி 8, நைலான் 4, பாலியெஸ்டர் 0.4 மட்டும். பாலியெஸ்டர் இழை தண்ணீரைக் குடிப்பதே இல்லை. இழைகளுக்கு நடுவே உள்ள சந்துகளில் வியர்வை பரவி, துணியின் வெளிப்பக்கம் வந்து காய்ந்துவிடும். நின்று தேநீர் குடித்துவிட்டுக் கிளம்புவதற்குள் முதுகு ஓரளவு உலர்ந்திருக்கும்.

இதற்கென்று தனியாக 'தெர்மல்' வாங்க வேண்டிய அவசியமே இல்லை. ஓடுவதற்கும் பூப்பந்து ஆடுவதற்கும் வைத்திருக்கும் டிரைஃபிட் முழுக்கைச் சட்டை போதும். சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். கழுத்தில் பாதி ஜிப் இருந்தால் ரொம்ப நல்லது. ஏற்றத்தில் இறக்கிவிட்டு, காற்று அடிக்கும்போது ஏற்றிக்கொள்ளலாம். துணியின் விலையைவிட அந்த ஜிப் அதிகம் உழைக்கும். தோளில் பைப்பட்டை அழுத்தும் இடத்தில் தடித்த தையல் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும். இதைச் சொன்னால் யாரும் கேட்பதில்லை. கூடாரத்திலிருந்து புறப்படும் நேரத்தில் கதகதப்பாக இருந்தால், பத்து நிமிடத்தில் நிறுத்தி ஒன்றைக் கழற்ற வேண்டியிருக்கும் என்று அர்த்தம். கூட்டமாகப் போகும்போது நிறுத்திக் கழற்றக் கூச்சப்பட்டு அப்படியே வேர்த்துக்கொண்டு நடப்பார்கள்.

பாலியெஸ்டரின் குறை எல்லோருக்கும் தெரிந்ததுதான்: நாற்றம். உடம்பின் எண்ணெய்ப் பசையை அது விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும், பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டம். நாற்றம் வராமலிருக்க வெள்ளிப் பூச்சு என்று போட்டு விற்பதெல்லாம் துவைக்கத் துவைக்கக் குறையும். நாலு நாள் மலையில் யாரும் குளிக்கப்போவதில்லை என்பதால் எனக்கு இது பெரிய விஷயமாகப் படவில்லை. கூடாரத்தில் பக்கத்தில் படுப்பவரின் கருத்து வேறாக இருக்கலாம். நெருப்பும் இதற்கு ஆகாது. பொறி பட்டால் உருகி ஓட்டை விழும். 1980-இல் அமெரிக்காவின் படகோனியா நிறுவனம் பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழையில் உள்ளாடையைக் கொண்டுவந்தபோது, அது வணிக உலர்த்தி இயந்திரங்களின் சூட்டிலேயே உருகும் சிக்கல் வந்தது. 1985-இல் பாலியெஸ்டருக்கு மாறினார்கள். பாலியெஸ்டர் உருக 250 டிகிரி போலச் சூடு வேண்டும் என்றாலும் கேஸ் அடுப்பின் மேல் பிடித்துக் காய வைக்கும் அளவுக்குத் தைரியம் வேண்டாம்.

மெரினோ எங்கே ஜெயிக்கிறது

மெரினோ என்பது ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆட்டு ரோமம். தெர்மலுக்கு எடுக்கும் இழையின் தடிமன் பெரும்பாலும் 20 மைக்ரானுக்குள்தான் இருக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 30 மைக்ரானைத் தாண்டினால்தான் முனை தோலில் குத்தி அரிக்கும். பாட்டி பின்னிய ஸ்வெட்டர் கழுத்தை அரித்ததற்குக் காரணம் அதுவே. எனவே 'கம்பளி எனக்கு ஒத்துக்கொள்ளாது' என்று ஒதுக்கியவர்கள் இதை ஒரு தடவை தொட்டுப் பார்க்கலாம்.

கம்பளி இழை ஈரத்தை ஆவியாகவே உள்ளுக்குள் இழுத்துக்கொள்ளும். தன் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஈரம் ஏறும்வரை தோலுக்கு நனைந்தது போலத் தெரியாது. இழுக்கும்போது கொஞ்சம் வெப்பமும் வெளிப்படும். அது உண்மைதான், விளம்பரம் சொல்லும் அளவுக்குப் பெரிதில்லை. நாற்றம் எளிதில் ஏறாது, ஐந்து நாள் ஒரே சட்டையில் ஓட்டலாம். பொறி பட்டால் கருகுமே தவிர உருகித் தோலில் ஒட்டாது.

இதையெல்லாம் கேட்டால் மெரினோவையே நடப்பதற்கும் போடலாமே என்று தோன்றும். போடலாம்தான். வியர்வை குறைவாக வருகிறவர்கள், நின்று நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள், பத்துப் பதினைந்து நாள் நீளும் பாதைக்குப் போகிறவர்கள் அப்படிச் செய்வதில் நியாயம் உண்டு. ஆனால் நம்மில் நிறையப் பேர் கொட்டக் கொட்ட வேர்க்கிற ஜாதி. மூன்றில் ஒரு பங்கு என்ற எல்லையை முதல் ஏற்றத்திலேயே தாண்டிவிடுவோம். அதன் பிறகு மெரினோ காய நெடுநேரம் ஆகும். தவிர, 150 ஜிஎஸ்எம் (துணியின் கனத்துக்கான அளவு, விளக்கம் கீழே) மெல்லிய மெரினோவின் தோள்பட்டையிலும் இடுப்பிலும் பைப்பட்டை உரசி உரசி ஓட்டை விழும். நான்கு இலக்கத்தில் விலை கொடுத்த துணி இப்படி ஆவதைப் பார்க்க மனசு கேட்காது. நைலான் நூலின் மேல் மெரினோவைச் சுற்றி நெய்த கலப்புகள் வருகின்றன, அவை இதைவிட உழைக்கும். நடப்பதற்கும் மெரினோதான் வேண்டும் என்று நினைப்பவர்கள் சுத்த மெரினோவை விட்டுவிட்டு அந்தக் கலப்பை வாங்குவது நல்லது.

இன்னோர் இடத்திலும் என் சாய்வு மாறும்: நம் மேற்குத் தொடர்ச்சி மலை. இமயத்துக் குளிர்காலத்தில் பெரும்பாலும் காற்று வறண்டிருக்கும், பகலில் நல்ல வெயில். பாலியெஸ்டர் சீக்கிரம் காய்வது அங்கே பெரிய லாபம். மீசப்புலிமலையிலோ மேகமலையிலோ மூடுபனிக்குள் நடந்தால் எதுவுமே காயாது. காற்றே ஈரத்தில் நிறைந்து நிற்கும்போது எந்தத் துணியிலிருந்து எப்படி ஆவியாகும்? அங்கே காயும் வேகத்தை வைத்துப் பாலியெஸ்டருக்கு மதிப்பெண் தர முடியாது. ஈரத்திலும் சில்லென்று ஒட்டாமல் இருப்பது எது என்று பார்க்க வேண்டும். அதில் மெரினோ முந்துகிறது. ஆனால் நடுக்கும் அளவுக்குக் குளிர் இல்லாததால், பணத்தைச் சேமித்து மாற்றுச் சட்டை ஒன்று கூடுதலாக எடுத்துப்போனாலும் சரிதான்.

கடைத்தெரு இன்னர்

இதைத் திட்டுவது மலையேறிகளிடையே ஒரு பழக்கமாகிவிட்டது. நான் அவ்வளவு கடுமையாக இல்லை. பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்து, உட்புறம் பிரஷ் அடித்து வரும் இந்த வகை வட இந்தியக் குளிருக்காக, வீட்டிலும் அலுவலகத்திலும் போடச் செய்யப்பட்டது. ரயிலில், சாங்க்ரி வரை பத்து மணி நேரம் போகும் வண்டியில், தங்கும் வீட்டில் அருமையாக இருக்கும். காய்ந்தபடியே இருந்தால் தூங்குவதற்கும் தாராளமாகப் போதும். எடையும் பையில் அடைக்கும் இடமும் கூடுதல், அவ்வளவே. ஏற்கெனவே வீட்டில் ஒரு ஜோடி இருந்தால், தூங்குவதற்கென்று வேறு வாங்க வேண்டாம். அதைப் போட்டுக்கொண்டு ஏற்றம் ஏறாமல் இருந்தால் சரி.

மூங்கில் துணி என்று விற்பது பெரும்பாலும் விஸ்கோஸ், அதாவது கூழிலிருந்து செய்யும் இழை. பருத்தியைவிட அதிகமாக ஈரம் குடிக்கும், நடப்பதற்கு வேண்டவே வேண்டாம். சிங்கப்பூர் சொந்தக்காரர்கள் வாங்கி வரும் யூனிக்லோ ஹீட்டெக்கும் ரேயான், அக்ரிலிக், பாலியெஸ்டர் கலந்ததுதான்; நகரத்துக் குளிருக்கு மெல்லிசாக, சுகமாக இருக்கும். மலையில் அதையும் இரவுப் பக்கம் தள்ளிவிடுங்கள்.

வலைப் பனியன் பற்றி ஒரு வார்த்தை. நம் தாத்தாக்கள் போட்ட பருத்தி வலைப் பனியனைப் பார்த்துச் சிரித்திருப்போம். நார்வேயில் 1930களில் ராணுவ அதிகாரி ஹென்ரிக் புருன் பழைய மீன்வலையிலிருந்து இதே யோசனையைப் பிடித்தார். பெரிய ஓட்டைகள் காற்றைப் பிடித்து வைக்கும், ஈரத் துணி தோலில் ஒட்டாது. இன்று பிரின்யே நிறுவனம் அதைப் பாலிபுரொப்பிலீனிலும் மெரினோவிலும் செய்கிறது. அதிகம் வேர்க்கிறவர்களுக்கு உண்மையில் இதுதான் சிறந்த உள்ளடுக்கு என்று நினைக்கிறேன். இங்கே கடைகளில் கிடைப்பது அரிது, வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் விலை கையைக் கடிக்கும்.

எவ்வளவு தடிமன்

திருப்பூர்க்காரர்களுக்கு ஜிஎஸ்எம் என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில். சாதாரண பனியன் துணி டி-சர்ட் 160, 180 என்று இருக்கும். நடக்கும் சட்டை 150-க்குள் இருக்கட்டும். தூங்குவதற்கு 200 முதல் 260. இரண்டுக்கும் ஒன்றே என்று நடுவில் ஒன்றைப் பிடிப்பவர்கள் பகலில் வேர்த்து இரவில் குளிர்கிறார்கள். நடக்கும்போது குளிர்ந்தால் உள்ளே தடிமனாக்காமல், மேலே கழற்றி மாட்டக்கூடிய மெல்லிய ஃப்ளீஸ் (பொசுபொசுவென்ற பாலியெஸ்டர் மேலாடை) ஒன்றைச் சேர்க்க வேண்டும். உள்ளாடையைப் பனிச்சரிவில் நின்று கழற்ற முடியாது என்பது எளிய காரணம்.

உள்ளாடை என்றதும் இன்னொன்று. மெரினோவை வாங்கிப் போட்டுவிட்டு அதற்கடியில் பருத்தி ஜட்டியும் பருத்தி பிராவும் போட்டால் ஈரம் முதலில் தங்குவது அங்கேதான். பிரா பட்டையும் இடுப்பு எலாஸ்டிக்கும் நனைந்து கிடந்தால் மேலே என்ன போட்டாலும் குளிரும், தோலும் உரியும். விளையாட்டுக்கென்று வரும் பாலியெஸ்டர், நைலான் வகைகள் போதும். பெண்களுக்கான ஆலோசனைகளில் இதை ஏனோ யாரும் சொல்வதில்லை.

கால்களுக்கு

கால்கள் வேறு ரகம். நடக்கும்போது வேலை செய்வதே அவைதான், எனவே எளிதில் குளிராது. பகல் நடைக்குத் தெர்மல் பேன்ட் தேவையில்லை, ட்ரெக்கிங் பேன்ட் மட்டும் போதும். சிக்கல் உச்சி ஏறும் நாளில்தான். அதிகாலை இரண்டு மூன்று மணிக்கு உறைபனியில் கிளம்பி, முற்பகலில் நல்ல வெயிலில் இறங்குவோம். பூட்ஸ், பூட்ஸுக்குள் பனி போகாமல் காலில் சுற்றும் கெய்ட்டர், வழுக்காமலிருக்க அடியில் மாட்டும் மைக்ரோஸ்பைக் எல்லாம் மாட்டிய பிறகு உள்ளே போட்டதைக் கழற்றும் பேச்சுக்கே இடமில்லை. அந்த ஒரு நாளைக்கு, தூங்கிய தெர்மல் பேன்ட்டை மெல்லியதாக இருக்கும் பட்சத்தில் அப்படியே விட்டுவிட்டு மேலே பேன்ட் மாட்டிக்கொள்வேன். மேல்சட்டையை மட்டும் கட்டாயம் மாற்றிவிடுவேன். கால் வியர்வை குறைவு. மார்பும் முதுகும் அப்படியில்லை. இறங்கி வந்த பின்னும் ஒரு இரவு கூடாரத்தில் பாக்கி இருக்கிறது, அப்போது காய்ந்த மேல்சட்டை வேண்டும்.

அந்தக் குளிரில் சட்டை மாற்றுவது கொடுமைதான். காலையில் போடப்போகும் சட்டையை, காய்ந்திருந்தால், ஸ்லீப்பிங் பேக்குக்குள்ளேயே வைத்துப் படுத்துக்கொண்டால் பாதிக் கொடுமை குறையும். முகாமுக்கு வந்து சேர்ந்ததும் உடம்புச் சூடு இறங்கும் முன்பே, முதல் பத்து நிமிடத்துக்குள், மாற்றிவிட வேண்டும். சூப் குடித்துவிட்டு மாற்றலாம் என்று உட்கார்ந்தால் அவ்வளவுதான். நனைந்ததை வெயில் இருக்கும்வரை வெளியே போடலாம். இருட்டிய பின் விட்டால் காலையில் அப்பளம் மாதிரி விறைத்திருக்கும்.

'ஸ்லீப்பிங் பேக்குக்குள் துணி குறைத்துப் படுத்தால்தான் சூடு' என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. தவறு. ஸ்லீப்பிங் பேக்கின் வெப்ப அளவைச் சோதிக்கும் ஐஎஸ்ஓ 23537 முறையிலேயே, சோதனைப் பொம்மைக்கு முழுக்கை உள்ளாடையும் நீளக் காலுறையும் மாட்டித்தான் அளக்கிறார்கள். பேக்கின் மேல் எழுதியிருக்கும் டிகிரி, நீங்கள் காய்ந்த தெர்மல் போட்டிருக்கிறீர்கள் என்ற கணக்கில் வருவது. வாடகைக்கு எடுக்கும் பழைய பேக்காக இருந்தால் இன்னும் கூடுதலாகவே தேவைப்படும்.

காசு எதில் போடுவது

கையில் ஒரு மெரினோவுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் தூங்கும் மேல்சட்டைக்குப் போடுங்கள், 200 ஜிஎஸ்எம்மில். கீழே தூங்குவதற்கு எந்தத் தெர்மல் பேன்ட்டும் ஓடும். மெரினோவே வேண்டாம் என்றால் மெல்லிய ஃப்ளீஸ் வகைப் பாலியெஸ்டர் ஜோடி, அதுவும் இல்லையென்றால் வீட்டிலிருக்கும் இன்னர். மூன்றிலும் இரவு நன்றாகவே போகும். பணம் மிஞ்சினால் இரண்டாவது தெர்மலுக்குப் பதில் நல்ல கையுறை வாங்குவேன்.

வாங்கும்போது லேபிளில் சதவீதத்தைப் பாருங்கள். டேராடூன் பல்டன் பஜாரிலும் ஊட்டிச் சந்தையிலும் 'வுல்லன்' என்று கொடுப்பதில் பெரும்பகுதி அக்ரிலிக். 10 சதவீதம் மெரினோ கலந்துவிட்டுப் பெயரைப் பெரிய எழுத்தில் போடுகிறவர்களும் உண்டு. வாங்கிவிட்ட துணியில் சந்தேகம் இருந்தால் உள்தையலிலிருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள், பனியன் கம்பெனிகளில் செய்வது போல. கம்பளி என்றால் முடி பொசுங்கும் வாடை வரும், சாம்பல் விரலில் நொறுங்கும். பாலியெஸ்டரும் அக்ரிலிக்கும் உருகிக் கடினமான மணியாகத் திரளும். பருத்தி காகிதம் போல எரியும்.

அளவு உடம்போடு ஒட்ட வேண்டும், இறுக்கக் கூடாது. கையைத் தூக்கினால் இடுப்பு தெரியாத நீளம் வேண்டும். தூங்கும் ஜோடி சற்றுத் தளர்வாக இருந்தாலும் குறையில்லை.

துவைப்பதில் இரண்டே விஷயம். பாலியெஸ்டருக்குக் கம்ஃபோர்ட் போன்ற மென்மையூட்டிகள் வேண்டாம், அது படிந்தால் வியர்வை பரவுவது குறையும். மெரினோவைக் குளிர்ந்த நீரில், மென்மையான திரவ சோப்பில் அலசி, முறுக்காமல் படுக்கப் போட்டுக் காய வையுங்கள். நம் ஊரில் தெர்மல் வருடத்தில் பதினோரு மாதம் பீரோவில்தான் கிடக்கும், எனவே பூச்சி அரிக்காமல் நன்றாகக் காய்ந்த பின் மூடிக்கட்டி அந்துருண்டையோடு வைக்க வேண்டும். உண்டை துணியில் நேராகப் படாமல் ஒரு காகிதத்தில் சுற்றி. லைக்ரா என்ற இழுபடும் இழை கலந்தவை சும்மா கிடந்தே தொளதொளத்துவிடும். ஆகவே நவம்பரிலேயே எடுத்து ஒரு தடவை போட்டுப் பாருங்கள். இடுப்பில் நிற்கவில்லை என்று சாங்க்ரியில் போய்த் தெரிந்தால் அங்கே நாடாதான் கிடைக்கும்.